நான் பிய்த்தெடுத்த கழிவறை

"இது என்ன டப்பா?" என்று கேட்டார், சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய ஆர்க்கிடெக்ட்.

மேசைமேல் என் மாடல் இருந்தது. ஒரு வாரம் கத்தியில் விரல்களை வெட்டிக்கொண்டு அட்டையில் செய்த உப்பளம். பாத்திகளில் எங்கள் ஊர் உப்பையே தூவியிருந்தேன். அவர் வந்தவுடன் அதில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "ரியல் சால்ட்!" என்று குழந்தைபோல மகிழ்ந்திருந்தார். நடுவில் அலைபோல வளைந்த ஒரு கூரை. கூரைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அவருடைய பேனா அந்தப் பெட்டியின்மேல் நின்றது.

"டாய்லெட் சார்."

"யாருக்கு?"

"உப்பளத்துல வேலை செய்யற லேடீஸுக்கு சார்."

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாடலின் தரைமட்டத்துக்குத் தலையைக் கொண்டுவந்து பார்த்தார். "இங்க ஒருத்தர் நின்னா வானமும் உப்பும் மட்டும்தான் தெரியணும். இது பல் இடுக்குல மாட்டின கீரை மாதிரி இருக்கும்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எடுத்துட்டுப் பாரு."

ஃபெவிகால் நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, நகத்தால் நெம்பிப் பிய்த்தேன். அடியில் அட்டையின் தோலும் சேர்ந்து கிழிந்து வந்தது. பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பியூட்டிஃபுல்" என்றார் அவர்.

கட்டிடக் கலைக் கல்லூரியில் முதலாண்டில் நேர்க்கோடு போட நான் பட்ட பாட்டைப் போன இதழில் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "ஏன் இவ்வளவு கசப்பு? நீங்கள் வடிவமைத்த முதல் கட்டிடத்தைப் பற்றிச் சந்தோஷமாக எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் அம்மா. மேலே நீங்கள் படித்ததுதான் அந்தக் கட்டிடம் பிறந்த நிமிஷம்.

ஊர்க்காரி

அப்போது மூன்றாம் ஆண்டு. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட டிசைன், உப்பளத் தொழிலாளர்களுக்கு ஓர் ஓய்வுக்கூடம். இடம் மரக்காணம். டிசைன் சார் இதை அறிவித்ததும் வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

அதுவரை என்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. நான் இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் வேறு யாராவது பேசி முடித்து உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுக் கட்டிடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு வாயில் கொழுக்கட்டைதான். அப்படிப்பட்ட என்னைக் காட்டி, "நம்ம ஜெசிந்தா அந்த ஊருதான். இனிமே இவதான் நமக்கு கைடு" என்றார் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடத்தைப் பார்க்கக் கிளம்பிய கல்லூரி பஸ் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே உப்பு லாரி ஓட்டிக்கொண்டு வந்த என் அப்பா வண்டியை மண்ணில் இறக்கி எங்களுக்கு வழிவிட்டார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பஸ்ஸில் எல்லோரும் கையாட்டினார்கள்.

உப்பளத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவள் லூர்து சின்னம்மா, என் அம்மாவின் தங்கை. அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். சின்னம்மாவுக்கு உப்பு சுமக்கிற வேலை. புடவைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. கூட வேலை செய்யும் பெண்களிடம் என்னைக் காட்டி, "எங்க அக்கா பொண்ணு. இஞ்சினியருக்குப் படிக்குது" என்றாள்.

"இஞ்சினியர் இல்ல சின்னம்மா. ஆர்க்கிடெக்ட்."

"ஏதோ ஒண்ணு. வீடு கட்றவங்கதான?"

சினிமாவிலும் கதைகளிலும் இந்த இடத்தில் படிக்கிற பெண் தன் சொந்தக்காரியைத் தெரியாததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. சின்னம்மாவின் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டேன். நண்பர்களும் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது.

பஸ்ஸில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் குடித்தார்கள். நான் என் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. உப்பளத்துக்குப் போகிற நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். யாரும் சொல்லாமலே என் தொண்டைக்கு அது தெரிந்திருந்தது.

வாய் கொப்பளிக்க மட்டும்

பத்தாவது பரீட்சை எழுதிய விடுமுறையில் சின்னம்மாவோடு சில வாரம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். விடிவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். முதல் நாள் நாக்கு வறண்டு, சின்னம்மாவின் பையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அது குடிக்கறதுக்கு இல்லடி! வாய் கொப்பளிக்க. கண்ணுல உப்பு பட்டா கழுவ. இப்ப எங்கடி போவ?"

எங்கே போவது என்பதற்கு அர்த்தம் ஒரு மணி நேரத்தில் புரிந்தது. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் தரை மட்டம். மரம் கிடையாது, சுவர் கிடையாது. நீங்கள் குனிந்தால் ஈசிஆரில் போகிற பஸ்ஸுக்குத் தெரியும். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் ஆண்கள் எல்லாப் பக்கமும் இருப்பார்கள்.

வரப்பு முடிகிற இடத்தில் ஒரு மேடு. மழையிலும் முழுகாத மேடு. அதன்மேல் வேலிகாத்தான் முள் அடர்ந்து ஆளுயரத்துக்கு நின்றது. சின்னம்மா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய் உள்ளே விட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஆள் வந்தால் இருமுவாள். வராவிட்டால் மாதா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருப்பாள். முள் கிழித்து என் பாவாடையில் ரத்தம். நான் அழுதேன்.

"இனிமே தண்ணி குடிச்சின்னா உன்ன இட்டுக்கினு வரமாட்டேன்" என்றாள்.

ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். காலையில் அரை டம்ளர் கடுங்காப்பி. பிறகு வீடு திரும்பும்வரை ஒன்றும் கிடையாது. அந்த முள்ளுக்குள் யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. மாதவிடாய்க் காலத்தில் போவார்கள், பிள்ளைத்தாச்சிகள் போவார்கள், வயிறு கெட்டவர்கள் போவார்கள். ஆண்கள் அந்த மேட்டுப் பக்கம் வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஏற்பாடு அது.

ஆம், இல்லை

சார் ஒரு சர்வே படிவம் தயாரித்திருந்தார். பயன்படுத்துகிறவர்களைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கை. ஊர்ப் பேச்சு தெரிந்தவள் என்பதால், பெண்களிடம் கேட்கும் குழுவுக்கு என்னைப் போட்டார்கள். என்னோடு பிரவீன். அவன் படிவங்களைச் செருகிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பான், நான் குறித்துக்கொள்ள வேண்டும்.

"நிழல் வேணுமா ஆன்ட்டி?"

"வேணும்பா. மண்ட காயுது."

"உக்கார்றதுக்கு இடம்?"

"இருந்தா நல்லது."

"குடிக்கத் தண்ணி?"

"வெய்யி, வெய்யி. வாய் கொப்பளிக்க ஆவும்" என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள். பிரவீனும் சேர்ந்து சிரித்தான், ஏனென்று தெரியாமல்.

"டாய்லெட் வேணுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். சின்னம்மா கூடைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்பா. காலையில வர்றோம், வெயில் ஏறுனா போயிடறோம். வீடு இருக்குது இல்ல?"

"ஆமாமா. அது வேணாம்" என்றார்கள் மற்றவர்கள்.

பிரவீன் என் பக்கம் திரும்பினான். "நிஜமாவா ஜெசி? ஆறேழு மணி நேரம் எப்படி?"

இன்றைக்கும் எனக்குப் பிரவீன்மேல் மரியாதை உண்டு. பட்டணத்துப் பையன், உப்பளத்தை அன்றுதான் முதல்முறை பார்க்கிறான், சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டான். "கொஞ்சம் தள்ளி நில்லுடா, நான் தனியா கேட்டுச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவன் போயிருப்பான். அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் மனசில் ஒரு படம் ஓடும். அந்தப் படத்தில் என் சின்னம்மா குந்தியிருப்பாள், நானும் குந்தியிருப்பேன். பஸ்ஸுக்கு வழி காட்டிய ஊர்க்காரி ஒரே நிமிஷத்தில் அந்த முள்ளுக்குள் போய்விடுவாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

"அவங்களுக்குப் பழக்கம்டா" என்றேன்.

அவனிடமிருந்து அட்டையை வாங்கி, கழிவறை என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்று குறித்தேன். ஒரு படிவத்தில் அல்ல, அடியிலிருந்த எல்லாப் படிவங்களிலும். ஒவ்வொருத்தியாகக் கேட்டால் நேரமாகும் என்று சொல்லிக்கொண்டேன்.

மறந்துபோன ஒரு வரி

ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு மனசு கேட்கவில்லை. சர்வே என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று கழிவறையை வரைந்துவிட்டேன். எங்கே வைப்பது? அந்த மேட்டில்தான். மழையிலும் முழுகாத இடம் அது ஒன்றுதான். கூடம் முன்பக்கம், கழிவறை பின்பக்கம், சரியாக முள் இருந்த இடத்தில். முள்ளை வெட்டிவிட்டுக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: "மேட்டிலுள்ள முட்புதரை முழுமையாக அகற்றவும்." இதை எழுதியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்த முள்மேல் எனக்குப் பழைய கோபம் இருந்தது.

இப்போது ஜூரிக்குத் திரும்புகிறேன். கட்டிடக் கலைக் கல்லூரிகளில் பரீட்சை பேப்பரில் நடப்பதில்லை. வரைபடங்களைச் சுவரில் குத்தி, மாடலை மேசையில் வைத்து, பெரியவர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். குற்றவாளிக் கூண்டு ஒன்றுதான் குறைச்சல்.

"இதை யூசர்ஸ் கேட்டாங்களா?" என்றார் சென்னையிலிருந்து வந்தவர், என் கையிலிருந்த பெட்டியைக் காட்டி.

நான் பதில் சொல்வதற்குள் டிசைன் சார் சுவரிலிருந்த சர்வே தாளைக் காட்டினார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, உதவியாகத்தான் செய்தார். நிழல், இருக்கை, தண்ணீர் என்று வண்ணப் பட்டைகள் உயர உயர நின்றன. கழிவறை என்று எழுதிய இடத்தில் பட்டையே இல்லை. எல்லாம் என் கையெழுத்து.

"கேக்கல சார். இவ அந்த ஊருப் பொண்ணு, இவளே எடுத்த சர்வே. அதனால ரொம்ப ஆத்தென்டிக்" என்றார் சார்.

அறைக் கோடியில் பிரவீன் நின்றிருந்தான். அவன் என்னைத்தான் பார்த்தான். அப்போதாவது, "சார், அது பொய். அவங்களால சொல்ல முடியல, நான் சொல்ல விடல" என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னது இது:

"ஃபேஸ் டூல போட்டுக்கலாம் சார்."

கட்டிட உலகத்தில் ஃபேஸ் டூ என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கட்டாமல் விடப்போவதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

அன்றைக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு. கழிவறையை எடுத்துவிட்டு வரைபடங்களைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். திருத்தினேன். சதுரத்தை அழித்தேன், குழாய்களை அழித்தேன், செப்டிக் டேங்கை அழித்தேன். ஓரத்திலிருந்த அந்த ஒரு வரியை மட்டும் அழிக்க மறந்துவிட்டேன்.

நிறைய தண்ணி குடிங்கம்மா

அந்தப் பெரிய ஆர்க்கிடெக்டுக்கு என் கூரை பிடித்துப்போனதால், அவருக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை அதைக் கட்டித் தர முன்வந்தது. மூன்றாம் ஆண்டு மாணவியின் டிசைன் நிஜமாகக் கட்டப்படுவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது பங்குச் சாமியார் என் பெயரைச் சொன்னார். கோயிலில் கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியபோது எனக்குப் பரீட்சை. ஊருக்குப் போக முடியவில்லை. பொக்லைன் ஓட்டுகிறவருக்கு வரைபடம்தான் வேதம். "முட்புதரை முழுமையாக அகற்றவும்" என்றிருந்தது. முழுமையாக அகற்றினார். நான் வந்து பார்த்தபோது மேடு உள்ளங்கைபோல மொழுமொழுவென்று இருந்தது.

அங்கிருந்தே சாருக்கு போன் செய்தேன். "சார், டாய்லெட் எப்ப சார் வரும்?"

"அடுத்த ஃபேஸ்ல கண்டிப்பா பேசலாம்மா. நீ இப்ப கூரையப் பாரு, கர்வ் சரியா வருதான்னு" என்றார்.

கர்வ் சரியாகத்தான் வந்தது. ஒல்லியான தூண்கள், நாலு பக்கமும் திறந்த கூடம், எந்தப் பக்கம் நின்றாலும் வானமும் உப்பும் தெரியும். அவர் கேட்டது அப்படியே கிடைத்தது.

திறப்பு விழாவுக்குப் பெண்கள் எல்லோரும் கோயிலுக்கு வருவதுபோல நல்ல புடவை உடுத்தி வந்தார்கள். பளபளவென்று ஒரு தண்ணீர் டிரம் வைத்திருந்தார்கள். அறக்கட்டளைக்காரர் மைக்கில், "வெயில்ல வேலை செய்யறீங்க. நிறைய தண்ணி குடிங்கம்மா" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்புக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவர் இன்னொரு முறை சொன்னார்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சின்னம்மா முன்வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். அவளாவது முள் எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்கா பெண் மேடையில் நிற்கும்போது யார் கேட்பார்கள்?

டாய்லெட் மேடம்

படிப்பு முடிந்து பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எல்லா ஆபீஸிலும் முதலில் தருவது டாய்லெட் டிராயிங்தான். சீனியர்களுக்கு அதில் கை நனைக்கப் பிடிக்காது. எந்த டைல் எங்கே முடிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, கண்ணாடி எந்த உயரம் என்று வருஷக்கணக்காக வரைந்தேன். ஆபீஸில் எனக்கு டாய்லெட் மேடம் என்று பெயர். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள், பெருமையாகவும் இருந்தது, ஏனென்றால் நான் அதில் கெட்டிக்காரி.

கடற்கரையில் ஒரு வீடு. கணவன், மனைவி, ஒரு பிள்ளை. வருஷத்தில் சில நாள் வந்து தங்குவார்கள். ஆறு பாத்ரூம். ஒன்றுக்குக் கூரையே கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டு குளிக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒரு பூமரம் வேண்டுமாம், ஆனால் எங்கிருந்தும் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். எல்லாத் திசையிலிருந்தும் பார்வை விழுகிறதா என்று கோடு போட்டுக் கோடு போட்டுச் சரிபார்த்தேன். ஒரு கோடுகூட உள்ளே விழாதபடி சுவரை வளைத்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பெண்ணுக்குத்தான் இதெல்லாம் புரியும்" என்றார்.

எனக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. தேங்க்யூ மேடம் என்றேன்.

மூன்று லிட்டர்

அந்த வருஷம் சின்னம்மாவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஒரு சிறுநீரகம் ஏறக்குறைய போய்விட்டது, மற்றதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண், பொறுமையாகப் பேசினார். "தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. அடக்கவே கூடாது."

சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான் அறக்கட்டளைக்கு எழுதினேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. கல்லூரிக்குப் போனேன். கூடத்தின் படம் வாசலிலேயே பெரிதாக மாட்டியிருந்தது. அந்தக் கட்டிடத்தின் பக்கத்தில் எதையும் ஒட்டவைத்துக் கெடுத்துவிடாதே என்றார்கள். உப்பளக்காரரிடம் போனேன். "பொம்பளைங்களே வேணாம்னு சொன்னதா உங்க காலேஜ்காரங்கதான சொன்னாங்க?" என்றார். எல்லோரும் என்னிடம் மரியாதையாகவே பேசினார்கள்.

ஒரு மாதத்தில் சின்னம்மா மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போகாதே என்று அம்மா சண்டை போட்டதுதான் மிச்சம். நான் லீவு போட்டுவிட்டு ஒரு பெரிய பாட்டில் தண்ணீரோடு அவள் பின்னாலேயே போனேன்.

விடிந்து நேரமாகியிருந்தது. என் கூடத்தின் பெஞ்சுகளில் காலி உப்புச் சாக்குகள் கிடந்தன. மறுபக்கம் பாண்டிச்சேரியிலிருந்து வந்த கல்யாண ஜோடி ஒன்று படமெடுத்துக்கொண்டிருந்தது. பெண் நீண்ட வெள்ளை கவுன் போட்டிருந்தாள். காலை வெளிச்சத்தில் என் தூண்கள் படத்தில் நன்றாக விழுமாம், அதனால் வாரத்தில் நாலு ஜோடியாவது வரும் என்று சின்னம்மா சொன்னாள். அந்தக் கூடத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் இவர்கள்தான்.

பாட்டிலை நீட்டினேன். வாங்கி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சின்னம்மா, டாக்டர் இன்னா சொன்னாங்க? குடி."

"குடிச்சிட்டு எங்கடி போறது? முன்னாடி அந்த முள்ளாவது இருந்துச்சி."

என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது கோபமாக வெளியே வந்தது, அதுவும் அவள்மேல். "நீதான வேணாம்னு சொன்ன? நாங்க கேட்டம் இல்ல? அன்னிக்கே வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருக்கும்."

சின்னம்மா கோபப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அந்தத் தம்பி அட்டய வெச்சிக்கினு எதுர நிக்குது. ஊரு பொம்பளைங்க அத்தன பேரு நிக்கறாங்க. நான் வேற இன்னாடி சொல்லுவேன்? அவனுக்குத் தெரியாது. உனக்குமாடி தெரியாது?"

"தெரியும் சின்னம்மா."

"அதான்" என்றாள்.

பெஞ்சிலிருந்த சாக்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்த மாத்தர போட்டா அடக்க முடியல. இந்தா, இதப் புடி." பையிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்தாள். கூடத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு உப்பு அம்பாரம். புடவையின் ஒரு முனையை என் ஒல்லித் தூணில் கட்டினாள். மறு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, புடவைக்கும் அம்பாரத்துக்கும் நடுவிலிருந்த மறைவுக்குள் போனாள்.

நான் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்து நின்றேன். காற்று பலமாக அடித்தது. புடவை என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

"மேடம்!" என்று கூப்பிட்டார் போட்டோகிராபர். "ஒரு ரெண்டு நிமிஷம் அந்தாண்ட தள்ளிக்கறீங்களா? பில்டிங் ஃபுல்லா வரணும். ஃப்ரேம்ல நீங்க வர்றீங்க."

நான் புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கவுன் போட்ட பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்த முகத்தை மாற்றாமல் காத்திருந்தார்கள்.

"மேடம், உங்களத்தான். லைட் போயிடும், கொஞ்சம் தள்ளுங்க ப்ளீஸ்."

"ஆச்சிடி" என்று சின்னம்மா உள்ளேயிருந்து சொல்லும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.